நான் மல்லனாகப் போன கதை

என் நாவல்களைப் படித்திருக்கும் நேயர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். என் கதாநாயகர்களில் ஒருவன்கூட அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் கிடையாது. ஒருவன் ஆற்றங்கரையில் நாலு முரடர்களைச் சாய்த்தான். இன்னொருவன் ஓடுகிற லாரியில் தொற்றி ஏறி வில்லனின் தாடையைப் பெயர்த்தான். இவற்றையெல்லாம் எழுதியவனோ அறுபத்தொரு வயது வரை கொசுவைத் தவிர வேறு யார் மேலும் கை ஓங்கியதில்லை. அப்பேர்ப்பட்டவன் சண்டை கற்றுக்கொள்ளக் கிளம்பினான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரிக்கலாம். என் மனைவி முன்பே சிரித்து முடித்துவிட்டாள்.

சென்ற வருஷம் பெண்ணின் பிரசவத்தை முன்னிட்டுச் சிங்கப்பூரில் ஆறு மாதம் தங்கும்படி ஆயிற்று. தோ பாயோவில் அவளுடைய அடுக்கு வீட்டுக்குக் கீழே, தினமும் காலை ஏழு மணிக்கு இருபது சீனக் கிழவர்களும் கிழவிகளும் தண்ணீருக்குள் நடக்கிறவர்களைப் போல மெள்ள மெள்ளக் கை கால்களை அசைப்பார்கள். ஊரே தாய் சி என்று சொல்லும் வித்தை அதுதான். முழுப் பெயர் தாய்ஜிச்சுவான். கடைசியில் வரும் 'சுவான்' என்ற சொல்லுக்கு முஷ்டி என்று அர்த்தம். ஹெனான் மாகாணத்துச் சென்ஜியாகோ கிராமத்தில் குடும்ப வித்தையாக இருந்ததை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாங் லூசான் என்பவர் கற்றுப் பீகிங் வரை கொண்டுபோனார். அப்போது அது சண்டை வித்தைதான். 1956-ல் சீன அரசாங்கம் ஜனங்களின் ஆரோக்கியத்துக்காக அதை 24 அசைவுகளாகச் சுருக்கிப் பரப்பிற்று. அதிலிருந்து உலகத்துக்கு அது தாத்தா பாட்டிகளின் தேகப் பயிற்சியாகிவிட்டது.

ஆனால் நான் பார்த்த கோஷ்டியில் ஒரு விசேஷம் இருந்தது. பயிற்சி முடிந்து எல்லோரும் காப்பிக் கடைக்குப் போன பிறகு, நாலைந்து பேர் மட்டும் பின்தங்கி, மணிக்கட்டோடு மணிக்கட்டு வைத்து ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருப்பார்கள். முஷ்டி அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. பத்து நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, சிஃபுவிடம் போய், "எனக்கு இது வேண்டும்" என்றேன்.

சிஃபு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயது. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சந்தித்துக் கைகுலுக்கச் சற்று நேரமாகும். மூன்று கேள்விகள் கேட்டார்.

"முழங்கால் எப்படி?"

"மாடி ஏறினால் வலிக்கும்."

"ரத்த அழுத்தம்?"

"மாத்திரை சாப்பிடுகிறேன்."

"யாரை அடிக்க வேண்டும்?"

"யாரையும் இல்லை. தற்காப்புக்குத்தான்" என்று முணுமுணுத்தேன்.

"தற்காப்புக்கு ஓடப் பழகுங்கள். சீக்கிரம் வரும்" என்றார் அவர்.

உண்மையான பதிலை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். எனக்கு இருபத்துநாலு வயசு. நண்பன் ஒருவனோடு இரவு பாசஞ்சர் ரயிலில் தஞ்சாவூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். இடத் தகராறில் ஒரு முரடன் என் நண்பனை அறைந்தான். இரண்டாவது முறையும் அறைந்தான். அவன் பையைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போனான். அந்த நேரம் முழுவதும் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கையை எடுக்க முடிந்தது. நண்பன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு எங்கள் சிநேகமும் கல்யாணப் பத்திரிகை அளவுக்குத் தேய்ந்துவிட்டது. என் கதாநாயகர்கள் ஏன் இத்தனை பேரை அடித்தார்கள் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

டாக்டரிடம் காட்டி வந்த பிறகு சிஃபு என்னைச் சேர்த்துக்கொண்டார். சண்டை கற்றுத் தரவில்லை, நிற்கச் சொன்னார். முழங்காலைச் சற்றே மடக்கி, பெரிய பானையைக் கட்டிக்கொள்வதுபோல் கைகளை வளைத்து, சும்மா நிற்க வேண்டும். இரண்டாவது நிமிஷத்தில் தொடை வெடவெடத்தது. முழங்கால், கால் விரல்கள் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும்; விரல் நுனியைத் தாண்டக் கூடாது. இதை அலட்சியம் செய்தவர்கள் முழங்கால் கட்டோடு வீடு திரும்புவார்கள் என்றார். மூச்சை அடக்கக் கூடாது என்பது ரத்த அழுத்தக்காரனான எனக்குத் தனி உத்தரவு. பத்து நிமிஷம் நிற்க வந்ததும், உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு முழுசாக மாற்றும் பாடம். இதிலேயே இரண்டு மாதம் ஓடிவிட்டது.

பொறுமை போய், இந்த வித்தை சண்டையில் ஜெயிக்குமா என்று பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஹாங்காங்கில் பெரும் தீ விபத்து நேர்ந்தது. வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்ட, 1954 ஜனவரி 17-ல் மக்காவில் ஒரு பந்தயம் நடத்தினார்கள். தாய் சி ஆசிரியர் வூ குங்யிக்கும், வெண்கொக்குப் பாணி சென் கெஃபூவுக்கும் போட்டி. மூன்றே நாளில் ஹாங்காங் பத்திரிகை ஒன்றில் லியாங் யூஷெங் என்பவர், வீரர்கள் பறந்து பறந்து சண்டையிடும் தொடர்கதை ஒன்றை ஆரம்பித்தார். சீன மொழியில் ஒரு புது நாவல் வகையே அதிலிருந்து கிளம்பிற்று. ஆனால் பந்தயப் படத்தைப் பார்த்தால், கூட்டமான பஸ்ஸில் இடத்துக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு பேர்தான் தெரிகிறார்கள். இரண்டாவது சுற்றோடு நடுவர்கள் நிறுத்தி, யாருக்கும் வெற்றி இல்லை என்றார்கள். என் தொழில் ரகசியம் அம்பலமானது போல் இருந்தது.

2017-ல் நடந்தது இன்னும் மோசம். செங்டூவில் சூ சியாவ்துங் என்ற நவீன மல்லர் ஒரு தாய் சி ஆசிரியரை அரை நிமிஷத்துக்குள் தரையில் போட்டுவிட்டார். இதைச் சிஃபுவிடம் காட்டினேன். "நிஜமாக யாரும் தள்ளாமலே இருபது வருஷம் பழகினாலும், தள்ளு விழுகிற அன்றுதான் முதல் வகுப்பு" என்றார். மறுநாள் என்னையும் தள்ளச் சொன்னார்.

எதிரே நின்றவர் ஒரு ஆன்ட்டி. எழுபது வயது, என் தோள் உயரம். என் மணிக்கட்டிலும் முழங்கையிலும் பூவை வைப்பதுபோல் கையை வைத்தார். நான் விறைத்தேன். அவர் சட்டென்று விலக, அவர் மேலேயே சரியப் பார்த்தேன். நிமிர்ந்தேன், தள்ளினார், மூன்றடி பின்னே போனேன். சரி, தளர்ந்து பார்ப்போம் என்று துவண்டு நின்றேன். துவண்டபடியே தூணில் போய் முட்டினேன். பத்தாவது தடவை எனக்குக் கோபம் வந்து பலத்தை எல்லாம் திரட்டித் தள்ளினேன். அதைத்தான் எதிர்பார்த்தவர்போல் ஆன்ட்டி இடுப்பை மட்டும் திருப்பினார். நான் தரையில் இருந்தேன்.

"உடம்பு தயார். நீங்கள் தயார் இல்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போங்கள்" என்றார் சிஃபு.

படி ஏறும்போது கையைப் பார்த்தேன். விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன. முப்பத்தேழு வருஷத்துக்கு முன் ஜன்னல் கம்பியைப் பிடித்த அதே பிடி!

மூன்று நாள் கீழே போகவில்லை. செங் மான்சிங் என்ற ஆசிரியரைப் பற்றி அப்போதுதான் படித்தேன். இளமையில் க்ஷயரோகத்தில் துன்பப்பட்டு, உயிர் பிழைக்க இந்த வித்தைக்கு வந்தவர். 1964 முதல் நியூயார்க்கில் வெள்ளைக்காரச் சீடர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். தோற்பதை முதல் போடுவதாக நினைத்துப் பழகு என்பது அவர் போதனை. நல்ல திடகாத்திரர்களுக்குத்தான் இது கஷ்டமாக இருந்திருக்கும்.

நாலாம் நாள் போனேன். ஆன்ட்டி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காலைக்கு நாற்பது தடவை தள்ளினார். நாற்பது தடவையும் தோற்றேன். ஊருக்குத் திரும்பும் வாரம், ஒரு தள்ளு வந்தபோது மூச்சு நிற்கவில்லை; விரல் மடங்கவில்லை; கால் தானாக ஓரடி நகர்ந்தது. அப்புறமும் விழுந்தேன் என்பது வேறு விஷயம்.

அன்று மாலை நண்பனுக்குப் போன் செய்தேன். ரயில் விஷயத்தைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அதை நீ மறந்துட்டேன்னு நினைச்சேன்டா" என்றான். பிறகு, "பை போனா போறது" என்றான். அறை போகவில்லை, அவன் குரலில் இருந்தது. ஆனாலும் அடுத்த மாதம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இந்த வயசில் சண்டை வித்தையைத் தொடங்கலாமா என்று என்னைக் கேட்கும் நேயர்களுக்குச் சொல்கிறேன். டாக்டரைக் கேளுங்கள்; முழங்காலைக் கேளுங்கள். உங்களை நிஜமாகத் தள்ளக்கூடிய ஆளாகப் பார்த்துச் சேருங்கள். நாற்பது தடவை விழுந்துவிட்டு நாற்பத்தோராம் தடவை கையை நீட்ட மனசு வருமா என்பதை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் கதாநாயகன் அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். பத்திரிகை ஆசிரியருக்குக் கோபக் கடிதம் எழுதிவிடாதீர்கள்.