நடவாதவையும் தரவுகளே

ஒரு நிகழ்வு நடந்தது, அல்லது நடக்கவில்லை. நோயாளி பிழைத்தார், அல்லது பிழைக்கவில்லை. வாங்கிய கடன் திரும்பியது, அல்லது திரும்பவில்லை. இத்தகைய ‘ஆம், இல்லை’ விளைவுகளை ஆராய்வதற்குப் புள்ளியியலில் லாஜிஸ்டிக் தொடர்புப்போக்கு என்றொரு முறை உண்டு. பகற்பொழுதைப் புள்ளியியல் மென்பொருள்களோடும் மாலைப்பொழுதைப் புத்தகங்களோடும் கழிக்கும் எங்களைப் போன்றோருக்கு அது அன்றாடச் சோறு. சூத்திரங்களைச் சொல்லி வாசக நண்பர்களை அச்சுறுத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அம்முறை எவ்விடத்தில் இடறுகிறது, இடறியதை அறிந்துகொள்வது எப்படி என்பதைச் சொல்ல விரும்புகிறோம். வாசிப்புப் பழக்கம் உள்ளவர்களுக்கு அதில் அக்கறைப்பட இடமுண்டு என்பது எங்கள் நம்பிக்கை.

இதற்கு நாங்கள் எப்போதும் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு சாலஞ்சர் விண்ணோடம். 1986 ஜனவரி 28 அன்று புளோரிடாவிலிருந்து கிளம்பிய அது 73 வினாடிகளில் சிதைந்தது. ஏழு பேர் மாண்டனர். உந்துகலத்தின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் இறுகித் தன் வேலையைச் செய்யத் தவறியதே காரணம் என்று விசாரணைக் குழு கண்டது. முந்தைய இரவே இது பற்றித் தொலைபேசியில் நீண்ட பேச்சு நடந்திருந்தது. உந்துகலத்தைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், 53 பாகை பாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றனர். மறுநாள் எதிர்பார்க்கப்பட்டதோ 31 பாகை. அவர்களிடம் தரவு இருந்தது. ஆனால் பேச்சில் முன்நின்றவை வளையம் சேதப்பட்ட பறப்புகள் மட்டுமே. 53 பாகையிலும் சேதம் நிகழ்ந்தது, 75 பாகையிலும் நிகழ்ந்தது. அப்படியானால் குளிருக்கும் சேதத்துக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு அன்றிரவு யாராலும் அசைக்கமுடியாத பதில் தர இயலவில்லை. நிறுவன மேலாளர்கள் பொறியாளர்களின் பரிந்துரையை மாற்றினர்.

சேதமே இல்லாத பறப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. அதற்கு முன் நடந்த 24 பறப்புகளில் ஒன்றின் உந்துகலங்கள் கடலில் மூழ்கிப்போயின. எஞ்சிய 23இல் ஏழில் சேதம், பதினாறில் இல்லை. 65 பாகைக்குக் கீழே நடந்தவை நான்கு: 53, 57, 58, 63. நான்கிலும் சேதம். அதற்கு மேலே நடந்த பத்தொன்பதில் மூன்றில்தான் சேதம். நடவாத பதினாறும் நடந்த ஏழுக்கு அருகில் வந்து உட்கார்ந்த பிறகே அந்த ஏழும் பேசத் தொடங்குகின்றன.

இந்த 23 வரிகளை ஆர் மென்பொருளில் இட்டு, வெப்பநிலையைக் காரணியாகவும் சேதத்தை விளைவாகவும் வைத்தால் கெழு −0.2322 என வருகிறது. அதாவது ஒவ்வொரு பாகை ஏறும்போதும் சேதத்துக்கான சாதக விகிதம் ஏறத்தாழ 21 விழுக்காடு குறைகிறது. இங்கேயே முதல் இடறல் காத்திருக்கிறது. விளைவை எண்ணாக அல்லாமல் சொற்களாலான வகைமாறியாகத் தந்திருந்தால், நாம் வேறு விதமாகச் சொல்லாதவரை ஆர் அகரவரிசையில் முதலில் வருவதை ‘நிகழாமை’ என்று கொள்ளும். சேதத்துக்கு ‘டேமேஜ்’ என்றும் இல்லாமைக்கு ‘நோ’ என்றும் பெயரிட்டவருக்குக் கெழு +0.2322 ஆக வந்து நிற்கும். வெப்பம்தான் வளையத்தைக் கெடுக்கிறது என்று அவர் படித்துவிடலாம். சாஸ் மென்பொருளும் நாம் வேறு விதமாகச் சொல்லாதவரை 0, 1 என்ற இரண்டில் 0க்கான நிகழ்தகவையே கணிக்கும். எதை நிகழ்வு என்கிறோம் என்பதை இயந்திரத்திடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவதே இதற்கு மருந்து.

இரண்டாம் இடறல் இன்னும் நுட்பமானது. வெப்பநிலையை எண்ணாகத் தராமல், 65க்குக் கீழே ‘குளிர்’, மேலே ‘குளிரல்ல’ என்று இரண்டாகப் பிரித்துத் தருவதாகக் கொள்வோம். பலரும் செய்வதுதான். குளிர்ப் பறப்புகள் நான்கிலும் சேதம்; விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. மீப்பெரு நிகழ்வாய்ப்பு முறைக்கு இது உச்சியே இல்லாத மலை. கெழு பெரிதாகப் பெரிதாகப் பொருத்தம் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் முன்னேற்றம் அற்பமாகிவிட்டதென்று மென்பொருள் ஓய்ந்து நிற்கும். நின்ற இடத்தையே விடையென்று அச்சிடும். கெழு 20ஐ ஒட்டி இருக்கும், திட்டப்பிழையோ ஆயிரங்களில் இருக்கும். பி-மதிப்பு 0.99க்கு மேல். இந்த எடுத்துக்காட்டில் எச்சரிக்கை வரி எதுவும் வருவதற்கில்லை. அட்டவணையை மட்டும் பார்ப்பவர், குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பில்லை என்று எழுதி முடித்துவிடுவார். தரவிலேயே வலுவான செய்தி, தன் வலிமையின் காரணமாகவே செல்லாததாகிவிடுகிறது.

ஸ்டேட்டா மென்பொருள் வேறு வழியில் செல்கிறது. ‘குளிர்’ விளைவை முழுமையாகக் கணிக்கிறது என்று ஒரு குறிப்பை எழுதிவிட்டு, அந்தக் காரணியையும் அந்த நான்கு பறப்புகளையும் கணக்கிலிருந்து நீக்கிவிடும். குறிப்பைப் படிக்காமல் கீழே இறங்குபவருக்கு எஞ்சுவது பத்தொன்பது பறப்புகளும் மூன்று சேதங்களும்தான். 1986இல் மனிதர்கள் பதினாறு பறப்புகளை விட்டுவிட்டுப் பேசினார்கள். இங்கே இயந்திரம் நான்கை விட்டுவிட்டுக் கணக்கிடுகிறது. விடுபட்டவை எதிரெதிரானவை, ஆனால் பார்வையிலிருந்து மறைவது ஒரே உண்மை.

இந்நிலைக்குப் ‘பிரிவுறல்’ எனலாம். ஆல்பர்ட்டும் ஆண்டர்சனும் 1984இலேயே இதை வகைப்படுத்திவிட்டனர். தீர்வுகளும் உண்டு. கெழுவைத் திட்டப்பிழையால் வகுக்கும் வழக்கமான சோதனையை விட்டு, குளிர் உள்ள மாதிரியையும் இல்லாத மாதிரியையும் நேரடியாக ஒப்பிட்டால் அதே தரவு 0.001க்கும் குறைந்த பி-மதிப்பைத் தருகிறது. கையாலேயே போடக்கூடிய ஃபிஷரின் துல்லியச் சோதனை, சேதம் கண்ட ஏழில் குளிர்ப் பறப்புகள் நான்கும் தற்செயலாக வந்து சேர 253இல் ஒரு வாய்ப்பே உண்டு என்கிறது. (65 என்ற கோட்டைத் தரவைப் பார்த்த பின்னரே கிழித்தோம் என்பதால் இவ்விரண்டையும் சற்றுத் தள்ளுபடி செய்தே வாங்க வேண்டும்.) டேவிட் ஃபிர்த் 1993இல் முன்வைத்த திருத்தம் இன்னொரு வழி. நம் எளிய அட்டவணையில் அது ஒவ்வொரு கட்டத்திலும் அரைப் பறப்பைச் சேர்ப்பதற்கு ஒப்பாகும். முடிவிலிக்கு ஓடிய சாதக விகிதம் 42ஐ ஒட்டி வந்து அமர்கிறது. அது துல்லியமான எண்ணன்று; ஆயினும் பேசத்தக்க எண்.

கடைசியாக ஒன்று. முதலில் சொன்ன மாதிரியில் 31 பாகையை இட்டால், சேதத்துக்கான நிகழ்தகவு 0.9996 என்கிறது. பின்னோக்கிப் பார்க்கும் எவரையும் இந்த எண் உலுக்கும். ஆனால் தரவு 53இல் தொடங்கி 81இல் முடிகிறது. அதற்குக் கீழே 22 பாகை தூரத்தில் நமக்கு ஒரு சாட்சியும் இல்லை. அந்த நான்கு தசமங்கள் வளைகோட்டின் வடிவம் தந்தவை, வளையம் தந்தவை அல்ல. அன்றைய பொறியாளர்களுக்கு இந்த எண் தேவைப்பட்டிருக்கவும் இல்லை. நான்கில் நான்கு, பத்தொன்பதில் மூன்று என்ற சிறு அட்டவணை போதுமானதாக இருந்திருக்கும்.

எனவே மாதிரி முரண்டுபிடிக்கும்போது நாங்கள் உடனே கட்டளைகளை மாற்றிப் பார்ப்பதில்லை. ஒரு தாளை எடுத்து இரண்டுக்கு இரண்டு கட்டம் கிழித்து, நடந்தவற்றையும் நடவாதவற்றையும் கையால் எண்ணி நிரப்புகிறோம். ஒரு கட்டத்தில் சுழியம் வந்தால், மென்பொருள் எங்கே தடுமாறியது என்பது தெரிந்துவிடும். அதைவிட முக்கியமாக, எந்தப் பறப்புகளை மேசைக்குக் கொண்டுவர மறந்தோம் என்பதும் தெரிந்துவிடும்.