கண்ணாடிப் பிரதியும் காப்புப் பிரதியும்

பத்திரிகைக்காரனுக்கு எதற்குக் கணினிப் பொறியியல் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். கலைப் பட்டதாரியான நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அந்நாட்களில் ஓரிரவு மின்சாரம் திரும்பியதும் கணினியை இயக்கினேன். உள்ளேயிருந்து 'டிக், டிக்' என்றொரு சத்தம் எழுந்தது. எட்டு வயதான வன்தட்டு தன் கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. 1990களில் நான் எடுத்த செவ்விகள், 140 கசெற்றுகளிலிருந்து மாற்றப்பட்டு, அந்த ஒரே தட்டில்தான் இருந்தன. மாற்றி முடித்ததும், பூஞ்சணம் பிடித்துவிட்டதென்று கசெற்றுகளைக் குப்பையில் போட்டவனும் நானே. தரவு மீட்பவர் ஒருவர் பெரும்பகுதியை மீட்டுத் தந்தார். 23 கசெற்றுகளின் குரல்கள் மீளவில்லை.

அதன் பின்னர் கணினித் துறையில் பணிபுரியும் என் மருமகனை அழைத்தேன். அவன் கேட்ட முதற் கேள்வி இது: "மாமா, உங்களுக்கு வேண்டியது வேகமோ, பாதுகாப்போ?"

பல வன்தட்டுகளை ஒன்றாகப் பூட்டி ஒரே தட்டுப் போல இயக்கும் முறைக்கு 'றெயிட்' என்று பெயர். 1988இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றண்டி கற்ஸ் ஆகிய மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையே இப்பெயரை நிலைநிறுத்தியது. விலை கூடிய பெருந்தட்டு ஒன்றுக்குப் பதிலாக மலிவான சிறுதட்டுகள் பலவற்றை ஒன்றாய் உழைக்க வைக்கலாம் என்பது அவர்களது வாதம்.

இதில் பல வகைகள் உண்டு. பூச்சிய வகை, ஒரு கோப்பைத் துண்டுதுண்டாக்கி இரு தட்டுகளிலும் பகிர்ந்து எழுதும். வேகம் கூடும், ஆனால் ஒரு தட்டுச் செத்தால் அத்தனையும் போய்விடும். ஒன்றாம் வகை கண்ணாடி போன்றது. ஒரு தட்டில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் அப்படியே பதியும். 4 டெராபைட் தட்டு இரண்டு வாங்கினால் 4 டெராபைட் இடமே கிடைக்கும்.

ஐந்தாம் வகைக்குக் குறைந்தது மூன்று தட்டுகள் வேண்டும். கடைக்காரரின் கணக்குக் கொப்பியில் ஒரு வரி அழிந்தாலும், மொத்தத் தொகையும் ஏனைய வரிகளும் இருந்தால் அழிந்ததைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? ஏறத்தாழ அதே தந்திரம்தான். மூன்று 4 டெராபைட் தட்டுகளில் 8 டெராபைட் இடம் கிடைக்கும். ஒன்று பழுதானாலும் தரவு தப்பும். சிக்கனமாகத் தோன்றியதால் நான் இதையே விரும்பினேன். மருமகன் தடுத்தான். புதுத் தட்டைப் பூட்டி மீளமைக்கும்போது மற்ற இரண்டையும் முழுமையாகப் படிக்க வேண்டும். பெரிய தட்டுகளுக்கு அது பல மணித்தியால வேலை. அந்நேரத்தில் இன்னொன்றும் விழுந்தால் எதுவும் மிஞ்சாது. ஆறாம் வகை இரு தட்டுகளின் இழப்பைத் தாங்கும். ஆனால் குறைந்தது நான்கு தட்டுகள் தேவை. என் சேகரிப்போ ஒரு டெராபைட்டைக்கூட எட்டவில்லை.

ஆகவே கண்ணாடி வகையைத் தெரிந்தெடுத்தோம். ஒரே நாளில் செய்யப்பட்ட தட்டுகள் ஒரே குறையைக் கொண்டிருக்கலாம் என்பதால் இரண்டையும் வெவ்வேறு கடைகளில் வாங்கினோம். தாய்ப்பலகையிலுள்ள வசதியை நம்பாது, லினக்ஸ் இயங்குதளத்தின் மூலமே இணைத்தோம். பலகை பழுதானாலும் தட்டை வேறொரு லினக்ஸ் கணினியில் பூட்டிப் படித்துவிடலாம். யூபிஎஸ் ஒன்றும் வாங்கினேன்.

இனிக் கவலையில்லை என்றிருந்தேன். மூன்று மாதம் கழித்து, பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்துகையில், தேவையற்றதென நினைத்து ஒரு கோப்புறையை நிரந்தரமாக அழித்தேன். அது 1996இன் செவ்விகள். கண்ணாடி தன் கடமையைச் செவ்வனே செய்தது. இரண்டாவது தட்டிலும் அக்கணமே அழிந்தது.

"கண்ணாடி காப்புப் பிரதி இல்லை மாமா. தட்டுப் பழுதானால்தான் அது காப்பாத்தும். நீங்கள் விடுற பிழையையும் அது பிரதி எடுக்கும்" என்றான் மருமகன். நல்லவேளையாக, அவன் முன்னரே கட்டாயப்படுத்தி ஒரு வெளித்தட்டில் பிரதியெடுத்து எடுத்துப் போயிருந்தான். 1996 திரும்பி வந்தது.

ஒரு பொருளின் மூன்று பிரதிகள், இருவகை ஊடகங்களில், ஒன்றேனும் வேறிடத்தில் என்பது இத்துறையினரின் பாலபாடம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானபோது எனக்குப் பதினொரு வயது. வேறெங்கும் பிரதியற்ற சுவடிகளும் அவற்றோடு போயின. அதைப் பற்றி எத்தனையோ தடவை எழுதியவன், தன் வீட்டில் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

இப்போது ஒரு வெளித்தட்டு என் மேசையிலும் இன்னொன்று கண்டியில் என் தங்கை வீட்டிலும் இருக்கின்றன. மாதமொருமுறை இரண்டையும் மாற்றிக்கொள்கிறோம். ஆண்டுக்கொரு தடவை சில கோப்புகளைத் திறந்து கேட்டும் பார்க்கிறேன். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. எங்கள் பத்திரிகையில் அச்சுக்கோப்பாளராக இருந்து மறைந்த பெரியவரின் மகன் பேசினார். "அப்பாவை நீங்கள் ஒருக்கா பேட்டி எடுத்தனீங்களாம். அவற்றை குரல் இருக்கோ அண்ணை? பிள்ளையளுக்குக் கேட்கக் குடுக்க வேணும்."

அது மீளாத 23இல் ஒன்று. இல்லை என்று சொல்வதற்கு எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

உங்களிடமும் அப்படியொரு குரலோ படமோ ஒரேயொரு தட்டில் இருக்கலாம். இன்றிரவே இன்னொரு பிரதி எடுத்துவிடுங்கள். எந்த வகை றெயிட் என்பதை ஆறுதலாக நாளை யோசிக்கலாம்.