மீன் நடக்குமா?

பள்ளி விடுமுறை வந்தால் தேங்கிக் கிடக்கும் கோப்புகளைப் பார்ப்பதும் கணக்கு எழுதுவதும் எம் வழக்கம். கடந்த டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் அவ்வழக்கத்தைக் கைவிட்டோம். எம் மகன் வாங்கித் தந்த புகைப்படக் கருவி ஓராண்டாக அலமாரியில் உறங்கிக் கிடந்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, புளிச்சோற்றுப் பொட்டலத்துடன் வந்த துணைவியாரையும் அழைத்துக்கொண்டு, விடியற்காலையில் கோலசிலாங்கூருக்குப் புறப்பட்டோம்.

முதலில் மெலாவத்தி குன்றின் மீது ஏறினோம். 1907இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் இளவெயிலில் வெண்மையாக நின்றது. அருகிலிருந்த மரங்களில் வெள்ளிநிறக் குரங்குகள் கூட்டமாக அமர்ந்திருந்தன. தாய்க் குரங்கின் உடல் கருஞ்சாம்பல் நிறம். அதன் மார்பை அணைத்திருந்த குட்டியோ பொன்னைப் போன்ற செம்மஞ்சள் நிறம்! சில மாதங்களில் இந்நிறம் மறைந்து, குட்டியும் தாயைப் போலாகிவிடும். குன்றின் அடிவாரத்தில், 1987இல் அமைக்கப்பட்ட இயற்கைப் பூங்காவிலும் சற்று நேரம் நடந்தோம்.

பின்னர் தெற்கே ஜெராமை அடுத்த பந்தாய் ரெமிஸ் சென்றடைந்தோம். நம் தோட்டத்து மக்கள் அறிந்த இடந்தான். ஆயினும் இளநீர் அருந்தி, மீன் வாங்கித் திரும்பும் இடமாகவே அதை நாமும் இதுவரை அறிந்திருந்தோம். அன்று கடல் வற்றிய வேளை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பளபளக்கும் சேறு. அதன்மேல் சிறு கரைப்பறவைகள் அலகால் குத்திக் குத்தி இரை தேடின. இவற்றுள் பல, சைபீரியா போன்ற வடபுலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்குக் குளிர் மிகும்போது நம் கரைக்கு வருபவை. அவற்றிற்குக் கடப்பிதழும் வேண்டா. சுங்கச் சோதனையும் இல்லை!

கரையோர அலையாத்தி மரங்களைச் சுற்றி, நட்டுவைத்த பென்சில்களைப் போல மூச்சுவேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. காற்றுப் புகாத சேற்றில் வாழும் மரம், அவ்வேர்களின் வழியாகவே சுவாசிக்கிறது. அவற்றினிடையே ஏதோ ஒன்று துள்ளியது. தவளை என்று எண்ணினோம். கருவியை எடுத்து அழுத்தினோம். படத்தில் வெறுஞ்சேறுதான் இருந்தது. பத்துப் பன்னிரண்டு முறை இவ்வாறே ஏமாந்தோம். எம் நிழல் விழும்போதெல்லாம் அது வளைக்குள் மறைகிறது என்பது பிறகே விளங்கியது. நிழல் பின்புறம் விழுமாறு அமர்ந்து, அசையாமல் காத்திருந்தோம்.

கால்மணி நேரத்திற்குப் பின் அது வெளியே வந்தது. தலையுச்சியில் இரு கண்கள். மார்புத் துடுப்புகளை ஊன்றுகோல்களைப் போல ஊன்றி, சேற்றில் அடிமேல் அடி வைத்து நடந்து, ஒரு வேரின் மீதும் ஏறி அமர்ந்தது. அது தவளையன்று, மீன்! மலாய்க்காரர்கள் ‘பெலாச்சாக்’ என்பது அதைத்தான். செவுள் அறையில் நீரைத் தேக்கி வைத்துக்கொண்டும், ஈரத் தோலின் வழியாகக் காற்றை ஏற்றும் அது நிலத்தில் உயிர் வாழ்கிறது.

படம் கிடைத்தது, ஆனால் எம் உள்ளம் மகிழவில்லை. பல மாதங்களுக்கு முன் நடந்ததொன்று நினைவுக்கு வந்து சுட்டது. நான்காம் ஆண்டு அறிவியல் பாடத்தில், விலங்குகள் எவ்வாறு இடம் பெயர்கின்றன என்று வினவியிருந்தோம். ஒரு மாணவன், “மீன் நீந்தும், நடக்கவும் செய்யும்” என்று எழுதினான். சிவப்பு மையால் அதை அடித்தோம். அதோடு விட்டோமா? “மீன் நடக்குமா?” என்று வகுப்பின் முன் கேட்டோம். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தனர். “அப்பாவோடு நண்டு பிடிக்கப் போனபோது பார்த்தேன், ஐயா” என்று அவன் மெல்லச் சொன்னான். நாம் செவி சாய்க்கவில்லை. அதன்பின் அவன் வகுப்பில் கை உயர்த்தியதே இல்லை. அதையும் அன்று அந்தச் சேற்றங்கரையில்தான் உணர்ந்தோம்.

பள்ளி திறந்ததும், திங்கட்கிழமைச் சபைக்கூடலில் அப்படத்தை எல்லாருக்கும் காட்டி, தவறு எம்முடையது என்று கூறினோம். அவனுடைய பழைய தேர்வுத்தாளை வாங்கி, அடித்த இடத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அவன் படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தான். “இது சின்னது, ஐயா. அப்பா போகிற ஆற்றுமுகத்தில் இதைவிடப் பெரியது இருக்கும். அடுத்த தடவை வாங்க, காட்டுகிறேன்” என்றான்.

பெற்றோர்களே, செம்பனைக் குலை வெட்டிக் களைத்த பின்னும், ஓய்வு நாளில் பிள்ளையை உடன் அழைத்துச் செல்கிறீர்களே, அதுவும் ஒரு பள்ளிக்கூடந்தான். மாணவச் செல்வங்களே, கண்ணால் கண்டதை அஞ்சாமல் எழுதுங்கள். ஆசிரியர் ஐயுற்றால், அழைத்துச் சென்று காட்டுங்கள். ஆற்றுமுகத்திற்குச் செல்லும் நாளை எதிர்நோக்கியுள்ளோம். இம்முறை கருவியை நாம் சுமப்போம். வழியை அவன் காட்டுவான்.