கொலுப் படியிலிருந்து இறங்கிய ஔவையார்

நவராத்திரி வந்துவிட்டால் கிழக்கு லண்டனில் எத்தனையோ தமிழ் வீடுகளின் முன்னறைகள் அடையாளம் மாறிவிடுகின்றன. சோபா சுவரோரம் ஒதுங்கும். தொலைக்காட்சிப் பெட்டி மூலைக்குப் போகும். பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கி, வெள்ளைத் துணி விரித்துப் படிகள் எழும். கும்பம் வைத்து, பொம்மைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, மாலையில் விளக்கேற்றி, அவலும் கடலையும் படைத்து ஒன்பது இரவுகள் அம்பிகையைப் பாடித் துதிப்பார்கள். ஃபாரஸ்ட் கேட்டில், ரம்ஃபோர்ட் வீதிக்குச் சற்று உள்ளே, சிறிய வரிசை வீடொன்றில் அம்மம்மா ஒருவரும் இவ்வாறே ஆண்டுதோறும் கொலு வைத்து வருகிறார். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கொலுவில் நடந்த ஒரு சிறு விபத்தும், அதன் பின் அவ்வீட்டில் ஓராண்டு நடந்த ஒரு வேலையும், இந்நாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் அன்பர்கள் அறிந்திருக்க வேண்டியவை.

அந்தக் கொலுவில் மிகப் பழையது ஒரு மண் ஔவையார். ஒரு சாண் உயரம். வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, வலக்கையில் ஒரு கோல். அம்மம்மாவின் தாயார் 1960களில் இந்தியாவுக்கு யாத்திரை போனபோது மதுரையில் வாங்கி, தலைமன்னார்க் கப்பலில் மடியில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் கொண்டுவந்தது. 1986இல் ஊரை விட்டுப் புறப்பட்டபோது அம்மம்மா கூடக் கொண்டுவந்த ஒரே பொம்மை அதுதான். மற்றவை எல்லாம் லண்டனில் சேர்ந்தவை.

அவருடைய பேத்திக்கு அப்போது 15 வயது. பள்ளிக்கூடத்தில் ஓவியம் ஒரு பாடம். ஸ்டாப் மோஷன் எனப்படும் பொம்மைச் சலனப்படம் செய்வதில் அவளுக்குப் பேராசை. அதன் சூத்திரம் எளியது. பொம்மையை நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும். கையை ஒரு நெல்லளவு அசைத்து மறுபடி ஒரு படம். இன்னும் ஒரு நெல்லளவு அசைத்து இன்னொரு படம். இவற்றை வரிசையாக வேகமாக ஓட்டினால், பொம்மை தானே கையை உயர்த்துவதாகக் கண் நம்பிவிடும். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. பொம்மைப் படம் செய்பவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு நிலையையும் இரண்டு படங்களுக்கு நிறுத்தி வைப்பதால், வினாடிக்கு 12 நிலைகள் போதும். அப்படிப் பார்த்தாலும் ஒரு நிமிடத்துக்கு 720 நிலைகள்.

கொலுவின் இரண்டாம் இரவு, எல்லாரும் உறங்கிய பின், பேத்தி தன் கைத்தொலைபேசியைப் புத்தகங்களில் சாய்த்து வைத்து, ஔவையாரைப் படியில் நடக்க வைக்கத் தொடங்கினாள். சுட்ட மண்ணுக்கு முழங்கால் ஏது? மடங்காத பொம்மையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துப் படம் எடுத்தாள். ஒரு முறை சாய்வு மிஞ்சிவிட்டது. ஔவையார் படியிலிருந்து விழுந்தார். கோல் பிடித்த வலக்கை முழங்கையோடு கழன்று தனியாகக் கிடந்தது.

காலையில் அம்மம்மா அதைக் கண்டார். ஏசவில்லை. துண்டுகளைப் பொறுக்கி ஒரு துணியில் பொதிந்து வைத்தார். "கும்பம் வைச்சாப் பிறகு பொம்மையளை அசைக்கிறேல்லை, பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

"அசைக்காட்டி அதுக்கு எப்பிடி அம்மம்மா உயிர் வரும்?" என்று பேத்தி அழுகையோடு கேட்டாள்.

அம்மம்மா பதில் சொல்லவில்லை. அன்று முழுவதும் அவர் பேசவேயில்லை. மாலைப் பூசையில் பாட்டும் படிக்கவில்லை. பேத்திக்கு அது ஏச்சிலும் பெரிதாகப் பட்டது.

சிறு பிள்ளையின் வாயிலிருந்து வந்தாலும் அது சிறிய கேள்வி அல்ல. சிற்பி செதுக்கி முடித்ததும் சிலை சிலைதான். கண் திறந்து, கும்பாபிஷேகத்தில் மந்திரபூர்வமாக ஆவாகனம் செய்த பின்னரே அது மூர்த்தியாகிறது. கொலுப் பொம்மையும் பெட்டிக்குள் இருக்கும்வரை மண். படியில் ஏறிய பின் அம்பிகையின் சபையில் ஓர் அங்கம். விஜயதசமி இரவு ஒரு பொம்மையையேனும் படுக்க வைத்து உறங்கச் செய்த பின்னரே மற்றவையும் பெட்டிக்குத் திரும்பும். அங்கே அசையாதிருப்பதே உயிரின் அடையாளம். பேத்தி பழகிய கலையிலோ அசைவே உயிர். இரண்டு நியாயங்களும் ஒரே முன்னறையில் எதிரெதிராக நின்றன.

விஜயதசமி கழிந்த சில நாட்களில், பேத்தி அம்மம்மாவை அருகில் இருத்தி ஒரு பழைய ஆங்கிலப் படத்தின் காட்சியைக் காட்டினாள். 1973இல் வெளிவந்த சிந்துபாத் கதை அது. அதில் ஒரு மந்திரவாதி, ஆறு கைகள் கொண்ட காளி சிலைக்கு உயிரூட்டுகிறான். சிலை முதலில் நடனமாடுகிறது. பின் ஆறு கைகளிலும் வாளேந்திப் போரிடுகிறது. அந்தச் சிலை உண்மையில் மேசைமேல் நிற்கக்கூடிய சிறு பொம்மை. அதை ஒவ்வொரு படத்துக்கும் தன் கையால் அசைத்தவர் 1960 முதல் லண்டனில் வாழ்ந்து, 2013இல் இங்கேயே காலமான ரே ஹாரிஹவுசன். அந்த நடனத்தை அமைக்க அவருக்கு உதவியவர் லண்டனில் குடியேறியிருந்த சூரியகுமாரி. ராஜமுந்திரியில் பிறந்து, தெலுங்கு, தமிழ்ப் படங்களில் பாடி நடித்த அதே சூரியகுமாரிதான்.

அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறுதிவரை பார்த்தார். கடைசியில் காளி சிலை உயரத்திலிருந்து விழுந்து துண்டு துண்டாக உடைகிறது. அதைக் கண்டதும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"ஆட்டம் வடிவாய்த்தான் இருக்கு" என்றார் அம்மம்மா நெடுநேரம் கழித்து. "ஆனா அம்மாளைக் கொண்டு வாள் சண்டை செய்விச்சு, கடைசியிலை விழுத்தி உடைச்சுப் போட்டாங்கள். அதுதான் மனசுக்கு ஒத்துக்கேல்லை. கை நல்ல கை. ஆனா ஆரைத் தொடுறம் எண்டு அந்தக் கைக்குத் தெரியேல்லை."

பிறகு அவரே வழியும் சொன்னார். கொலுப் பொம்மைகளைத் தொடக்கூடாது. வேண்டுமானால் பேத்தி தானே புதிதாகப் பொம்மைகள் செய்யட்டும். நாவல் மரத்தடியில் முருகன் ஔவையாரிடம் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்ட கதையைச் செய்யட்டும். முருகனை மாடு மேய்க்கும் சிறுவனாக மட்டும் செய்யலாம். அவன் தன் உண்மை வடிவைக் காட்டும் இடத்தில் பொம்மை கூடாது. "அந்த இடத்திலை வெளிச்சம் மட்டும் காட்டு. போதும்" என்றார். எழுந்து போகும்போது, "சேலையை நான் தைச்சுத் தாறன்" என்றும் சொன்னார்.

லண்டனுக்கு வந்த புதிதில் வீட்டிலேயே மெஷின் வைத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று சட்டை தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கியவர் அவர். அந்தக் கை மறுபடி வேலைக்கு வந்தது.

பொம்மையின் உள்ளே முதலில் எலும்புக்கூடு வேண்டும். மெல்லிய அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கி, முதுகும் கைகால்களும் அமைத்தாள் பேத்தி. எலும்பு வரும் இடங்களில் எப்பொக்சி புட்டியைப் பூசி இறுக விட்டாள். முழங்கை, முழங்கால் போன்ற மூட்டுகளில் மட்டும் கம்பி வெறுமனே நின்றது, அங்கேதான் மடங்கும். அதன்மேல் ஸ்பொஞ்சைச் சுற்றித் தசை. பாதத்தில் ஒரு சிறு நட்டை ஒட்டி, மேடைப் பலகையில் துளைகள் இட்டு, அடியிலிருந்து ஸ்குரூவால் இறுக்கினால் பொம்மை ஒற்றைக் காலிலும் நிற்கும். மண் ஔவையாருக்கு இல்லாதிருந்தது இந்தப் பிடிப்புத்தான்.

சேலைக்குச் சாதாரணத் துணி உதவாது என்று அம்மம்மாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு சாண் உயர உருவத்தில் பருத்தி நூலின் இழை கயிறு போலத் தெரியும். ஆகவே தன் பழைய மெல்லிய வாயில் சேலையின் தேய்ந்த பகுதியை வெட்டினார். அத்தனை சிறு துண்டு தானாக மடிந்து விழாது. எனவே முந்தானை ஓரத்தில் தலைமயிர் போன்ற கம்பியை வைத்து மடித்துத் தைத்தார். கம்பியை வளைத்த இடத்தில் சேலை அப்படியே நின்றது.

இந்தக் கலை வளர வீட்டாரும் கைகொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பேத்தி புத்தகங்களில் படித்துச் சொன்னாள். ஹாரிஹவுசன் இளைஞராக இருந்தபோது அவருடைய பொம்மைகளின் உலோக எலும்புகளைக் கடைந்து கொடுத்தவர் தந்தை. உடை தைத்துக் கொடுத்தவர் தாய். இந்திய சினிமாவின் தந்தை எனப்படும் தாதாசாகேப் ஃபால்கே 1912இல் லண்டனுக்கு வந்துதான் தம் கமராவை வாங்கினார். ஊர் திரும்பியதும், பணம் போடுபவர்களை நம்பவைக்க, ஒரு பட்டாணி விதை முளைத்துச் செடியாவதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படமெடுத்துக் காட்டினார். அவர் மனைவி சரஸ்வதிபாய் ஃபிலிமுக்குத் துளையிடுவது முதல் அதைக் கழுவுவதுவரை கூட நின்றார். 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியிட்ட ஃபால்கே, 1915 அளவில் தீக்குச்சிகள் தாமே அசையும் ஒரு சிறு படமும் செய்தார்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து சில மைல் மேற்கே, லீ ஆற்றங்கரையில், 1776இல் கட்டிய பழைய நீராலைக்குப் பக்கத்தில் திரீ மில்ஸ் ஸ்டூடியோ இருக்கிறது. 'கோர்ப்ஸ் பிரைட்' (2005), 'ஃபென்டாஸ்டிக் மிஸ்டர் ஃபொக்ஸ்' (2009), 'ஃபிராங்கன்வீனி' (2012), 'ஐல் ஒஃப் டோக்ஸ்' (2018) ஆகிய உலகறிந்த பொம்மைப் படங்கள் அங்கேதான் எடுக்கப்பட்டன. கடைசிப் படத்துக்கு மட்டும் ஆயிரம் அளவில் பொம்மைகள் செய்தார்கள். அதில் நாய்கள் சண்டையிடும்போது எழும் புழுதி வெறும் பஞ்சு. இதைக் கேட்டதும் அம்மம்மா சாமியறையில் திரிக்கு வைத்திருந்த பஞ்சில் ஒரு பிடி எடுத்துக் கொடுத்தார். ஔவையார் பழத்தை ஊதும்போது பறக்கும் மண் அந்தப் பஞ்சுதான். மரத்தடி நிலத்துக்கு மணல் போட்டபோது அது பரல் போலப் பெரிதாகத் தெரிந்தது. கடைசியில் புட்டுக்கு வறுத்த சிவப்பரிசி மா செம்மண்ணாகப் பொருந்தியது.

மேல்மாடிச் சிறு அறையில் படப்பிடிப்பு நடந்தது. வெயில் ஏறி இறங்கினால் படம் மினுங்கும் என்பதால் சன்னலைக் கம்பளியால் மூடி, ஒரே விளக்கில் எடுத்தார்கள். சட்டையின் நிறம் பொம்மைமேல் படாதிருக்கக் கறுப்பு உடை. எடுக்கும்போது அறையில் வேறு எவரும் நடக்கக்கூடாது. அசைத்த கை சட்டத்தை விட்டு முற்றாக விலகிய பின்னரே படம் எடுக்க வேண்டும். இரண்டு நிமிடப் படத்துக்கு 1440 நிலைகள். சனி ஞாயிறுகளில் அம்மம்மா மூலையில் கதிரை போட்டு இருந்து, உருத்திராக்க மாலையில் கணக்கு வைத்தார். 108 மணி உருண்டு முடிந்தால் ஒன்பது வினாடி.

ஆயிரத்தை நெருங்கும் வேளையில் ஔவையாரின் வலது முழங்கைக் கம்பி ஒடிந்தது. அலுமினியம் பலமுறை மடங்கினால் ஒடியத்தான் செய்யும். மண் பொம்மையில் உடைந்ததும் அதே கைதான். பேத்தியின் முகம் வெளுத்தது. அம்மம்மாவோ சிரித்துவிட்டார். "கிழவிக்கு அந்தக் கையிலைதான் வருத்தம். கொண்டா, சேலையைப் பிரிச்சுத் தாறன். நீ எலும்பை மாத்து" என்றார். ஓராண்டாக இருவரும் பேசாமல் வைத்திருந்த விஷயம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்தது.

அடுத்த நவராத்திரியில், சரஸ்வதி பூசை நாளில், அந்தப் படத்தை வீட்டுக்கு வந்த பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் காட்டினார்கள். கிழவி நடந்து வருகிறாள். சிறுவன் கிளையை உலுப்புகிறான். பழம் விழுகிறது. அவள் குனிந்து எடுத்து ஊதுகிறாள். இளையவனிடம் மூத்தவள் தோற்று நிமிர்ந்து பார்க்கும்போது, கிளையில் சிறுவன் இல்லை. இலைகளின் ஊடே வெளிச்சம் மட்டும் பெருகுகிறது. அந்த இடத்தில் யாரும் சொல்லாமலே பெரியவர்கள் சிலர் கை கூப்பினார்கள். பிள்ளைகள் மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்கள்.

அன்று படியில் மண் ஔவையாரும் தம் பழைய இடத்திலேயே நின்றார். புதுப் பொம்மையின் எலும்புக்கு வாங்கிய புட்டியில் மிஞ்சியதைக் கொண்டு பேத்தி அவருடைய கையை ஒட்டியிருந்தாள். ஒட்டிய கோடு உற்றுப் பார்த்தால் தெரியும். வண்ணம் பூசி அதை மறைக்கட்டுமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று அம்மம்மா சொல்லிவிட்டார். கம்பி ஔவையாரும் வெட்டுக் குறடும் பூசைக்கு வைத்த புத்தகங்களோடு கீழ்ப்படியில் இருந்தன.

இவ்வாண்டும் நவராத்திரி வருகிறது. கொலு வைக்கும் வீடுகளில் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். சில வேளை ஒன்றை உடைத்தும் விடுவார்கள். அவர்கள் கையில் கம்பியும் துணியும் கொடுத்து, அருகில் ஒரு கதிரை போட்டு இருக்கும் பொறுமையை அம்பிகை எல்லாருக்கும் அருள்வாளாக.