தக்காளிப் பாத்திக்கு எந்த நிறப் போர்வை?

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சிமெண்ட் ஆலைதான் நினைவுக்கு வரும். அந்தப் பக்கம் கொல்லையில் தக்காளி வைக்கிற பெண்களுக்கோ வேறு கவலை. சித்திரை வெயிலில் காலையில் விட்ட தண்ணீர் சாயங்காலத்துக்குள் வற்றிவிடும். களை எடுத்து மாளாது. போதாக்குறைக்கு, காய்க்கிற நேரத்தில் இலை சுருண்டு செடி குட்டையாக நின்றுவிடும். அந்த இலைச்சுருள் வைரஸைச் செடிக்குச் செடி கொண்டு போவது வெள்ளை ஈ.

களைக்கும் ஈரத்துக்கும் நிலப்போர்வை நல்ல வழி. வெள்ளை ஈக்கும் அது உதவ வேண்டுமானால் நிறம் பார்த்து வாங்க வேண்டும்.

அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானி மைக்கேல் காஸ்பர்பாயர் 1980களில் தென் கரோலினாவில் சிவப்பு ஷீட்டில் தக்காளி வளர்த்துப் பார்த்தார். சிவப்பு ஷீட் திருப்பி அனுப்பும் ஒளி பக்கத்தில் வேறு செடி நிற்பதுபோல் தக்காளிக்கு உணர்த்த, அது வேகமாக வளர்ந்து முதல் பறிப்புகளிலேயே கூடுதல் பழம் கொடுத்தது. ஆனால் வெயிலும் வெள்ளை ஈயும் மிகுந்த நம் கொல்லைக்கு மேலே வெள்ளி, கீழே கறுப்பாக வரும் ஷீட்தான் பொருத்தம். வெள்ளிப் பக்கம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் வேர் சூடாகாது; அந்தப் பளபளப்பில் வெள்ளை ஈ தடுமாறும். கறுப்புப் பக்கம் ஒளியை மறைப்பதால் களை முளைக்காது. கோரை மட்டும் ஷீட்டைக் குத்திக்கொண்டு வரும். அதை முன்பே கிழங்கோடு தோண்டி எடுத்துவிட வேண்டும். மஞ்சள் நிறம் வேண்டாம். வெள்ளை ஈயைப் பிடிக்க மஞ்சள் அட்டை கட்டுகிறோமே, அதே நிறம்தான்!

20 செடிக்கு 20 அடி நீளப் பாத்தி போதும். தொழுவுரம் போட்டு மண்ணைப் பொலபொலப்பாக்கி, சொட்டுநீர்க் குழாயை வைத்து, 4 அடி அகல, 25 மைக்ரான் ஷீட்டைத் தொய்வில்லாமல் விரித்து, இரு ஓரத்தையும் அரை அடிக்கு மண்ணில் புதைக்க வேண்டும். இரண்டு வரிசையாக, 2 அடிக்கு ஒரு துளை. துளை 3 அங்குலம் இருக்கட்டும்; சூடான ஷீட் பட்டால் இளந்தண்டு வெந்துவிடும். 25 நாள் நாற்றை மாலையில் நடுவது நல்லது. செடி படர்ந்து ஷீட்டை மறைத்தபின் ஈயை விரட்டும் பலன் குறையும். அதற்குமேல் வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். சுருண்ட செடியை உடனே பிடுங்கிவிட வேண்டும்.

ஏக்கர் கணக்கில் போடுவோர் 5 அடிக்கு ஒரு பாத்தி என்று வைத்தால் 400 மீட்டர் சுருள் 7 தேவைப்படும். மானியம் பற்றி வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளலாம். சோழமாதேவி, வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் மையங்களிலும் ஆலோசனை கிடைக்கும்.

அறுவடை முடிந்ததும் ஷீட்டை முழுதாகச் சுருட்டி எடுத்துவிட வேண்டும். அப்படியே உழுதால் துண்டு துண்டாக மண்ணில் கிடக்கும். மேய்கிற மாட்டின் வயிற்றுக்கும் போகும். கொளுத்தவும் கூடாது. எடுக்க ஆள் இல்லாத வீட்டுக்கு வைக்கோலும் கரும்புத் தோகையுமே போதும். அவை ஈயை விரட்டாது. ஆனால் ஈரம் காத்து, மக்கி, மண்ணுக்கே உரமாகிவிடும்.