வாங்கிச் சொல்லி வளர்ந்தோம்

கும்பகோணத்துக்குக் கிழக்கே, காவிரிக் கரையில் கோவிந்தபுரத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. தை மாதத்தில் தாத்தா நவக்கிரக ஹோமத்துக்கு நாள் பார்த்துவிட்டால், சமித்து சேர்ப்பது பிள்ளைகளான எங்கள் வேலை. சூரியனுக்கு எருக்கு, சந்திரனுக்குப் புரசு, செவ்வாய்க்குக் கருங்காலி, புதனுக்கு நாயுருவி, குருவுக்கு அரசு, சுக்கிரனுக்கு அத்தி, சனிக்கு வன்னி, ராகுவுக்கு அருகு, கேதுவுக்குத் தர்ப்பை. எருக்கும் நாயுருவியும் வரப்போரத்திலேயே கிடைத்துவிடும். வன்னிக்குக் கோயில் நந்தவனம் வரை போகவேண்டும். கருங்காலி கடைத்தெருவிலிருந்து கட்டாக வரும். உளுத்த குச்சியை ஒதுக்கி, நல்லதைச் சாண் நீளத்துக்கு ஒடித்து, வாழைநாரால் கட்டித் திண்ணையில் வரிசையாக வைப்போம்.

ஹோமத்தன்று கூடத்து நடுவில் செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, மாக்கோலம் போட்ட குண்டம். வறட்டி பற்றிக்கொள்ளும்வரை பனையோலை விசிறிதான். அக்னியை வாயால் ஊதக்கூடாது. தாத்தாவின் வலப்பக்கம் உட்கார்ந்து சமித்தை நெய்யில் தோய்த்து அவர் கையில் கொடுப்பது என் பொறுப்பு. சாஸ்திரிகள் "ஸ்வாஹா" என்று முடிக்கும் அந்த நொடியில் ஆகுதி நெருப்பில் விழவேண்டும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. புகையில் கண்ணைத் திறக்க முடியாது. மந்திரம் எங்கே ஏறுகிறது, எங்கே முடியப்போகிறது என்று காதால் பிடித்துத்தான் குச்சியை நீட்டுவேன். அர்த்தம் தெரியாத வயதிலேயே அந்த ஒலியின் போக்கு எனக்குப் பழகிப்போனது அப்படித்தான். கடைசியில் சமகம் சொல்ல, நீண்ட மரக்கரண்டி வழியாக நெய் அறுபடாத தாரையாக இறங்கும். ஜ்வாலை நிமிர்ந்து எழும்போது கூடமே எழுந்து நிற்கும். ஹோமச் சாம்பலை நெய்யில் குழைத்து நெற்றியில் ரக்ஷை இட்டுக்கொள்வோம்.

பூணூல் போட்ட பிறகு அதே சாஸ்திரிகளிடம் வேதத்தின் ருத்ரத்தைச் சந்தை சொல்ல, அதாவது வாய்வழியாக வாங்கிச் சொல்லிக் கற்க, போனேன். புத்தகத்தைத் தொடவிடமாட்டார். அவர் ஒரு முறை சொல்வார், நாங்கள் இரண்டு முறை திருப்பிச் சொல்லவேண்டும். ஸ்வரம் இறங்கும் இடத்தில் உச்சந்தலையைப் பிடித்துக் குனியவைப்பார், ஏறும் இடத்தில் நிமிர்த்துவார். "காதைக் குடுடா, வாய் தானா வரும்" என்பார். வேத கோஷத்தை யுனெஸ்கோ 2008இல் மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எழுதிவைக்காமலே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஓர் ஒலி குலையாமல் வந்ததற்குக் காரணம் இந்தத் திருப்பிச் சொல்லுதல்தான்.

ஆனால் அந்தச் சந்தை எங்கள் வீட்டிலேயே எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. பாட்டிக்கும் அத்தைக்கும் அங்கே இடமில்லை. அவர்களுக்கும் ஊருக்கும் சேர்த்துக் கதவு திறந்தது சாயங்கால பஜனையில். 1692இல் கோவிந்தபுரத்தில் சித்தியடைந்த போதேந்திராள், காஞ்சி காமகோடி பீடத்தில் இருந்தவர். நாம ஜபம் யாருக்கும் உரியது என்று சொன்னவர். பின்னாளில் அவர் சமாதி எங்கே என்று தெரியாமல்போக, மருதாநல்லூர் சத்குரு ஸ்வாமிகள் காவிரி மணலில் காதை வைத்துத் தேடினாராம். ஓரிடத்தில் ராம நாமம் கேட்டதாம். அதுதான் அதிஷ்டானம். பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் கை கூப்பிக்கொள்வாள்.

அந்த ஸ்வாமிகள் வகுத்த முறைப்படியே எங்கள் பஜனையும் போகும். தோடயமங்களம், குரு தியானம், ஜெயதேவரின் அஷ்டபதி, நாராயண தீர்த்தரின் தரங்கம், அப்புறம் ராமதாசர், புரந்தரதாசர், சதாசிவ பிரம்மேந்திரர். சம்ஸ்கிருதமும் தெலுங்கும் கன்னடமும் ஒரே ராத்திரியில் எங்கள் தெருவுக்கு வந்துவிடும். பாகவதர் ஓர் அடியைப் பாடி நிறுத்துவார். கூட்டம் வாங்கிப் பாடும். அடுப்படி வாசலில் நின்று தொடங்கும் அத்தை, திவ்யநாமத்துக்குக் குத்துவிளக்கை நடுவில் வைத்து எல்லாரும் சுற்றி வரும்போது முன்வரிசைக்கு வந்திருப்பாள். பக்கத்துத் தெருத் தச்சர் கையில் ஜால்ரா இருந்தால் தாளம் பிசகாது. சுருதி சேராத குரலையும் பாகவதர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வார். காலையில் அத்தனை கண்டிப்பு, ராத்திரியில் இத்தனை தாராளம். இரண்டும் எனக்கு வேண்டியிருந்தன. கண்டிப்பு கேட்கக் கற்றுக்கொடுத்தது, தாராளம் கூச்சத்தைப் போக்கியது.

இன்று ருத்ரமும் அஷ்டபதியும் கைப்பேசியில் எந்நேரமும் கிடைக்கின்றன. நானும் கேட்கிறேன். ஆனால் பதிவு தன் பாட்டுக்கு ஓடி முடிந்துவிடும். நம் பதிலுக்காக நிற்காது. சந்தையிலும் பஜனையிலும் எதிரே ஒருவர் அடியை நிறுத்திவிட்டு நம் வாயைப் பார்த்துக் காத்திருப்பார். வழிபாடு கேட்பதோடு முடிவதில்லை, பதில் குரல் கொடுப்பதில் நிறைவடைகிறது என்பதே அந்த வீட்டில் நான் பெற்ற பாடம். எந்த ஊரில் இருந்தாலும் பக்கத்தில் பஜனை என்று தெரிந்தால் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகிறேன். போய்ச் சும்மா உட்காருவதில்லை, சேர்ந்து பாடுகிறோம்.