உம்மம்மாவின் அறையில் ஒரு பிரேம்

எங்கள் வீட்டில் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதிக்கு முன்னர் எடுத்த புகைப்படம் ஒன்றுகூட இருக்கவில்லை. சாய்ந்தமருதில் கடற்கரையை ஒட்டியிருந்த எமது பழைய வீட்டோடு உம்மம்மாவின் அலுமாரியும், அதற்குள் இருந்த மூன்று அல்பங்களும் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டன. ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டு போனது. மாவட்ட வாரியாகப் பார்த்தால் அவற்றில் அதிகமானவை எமது அம்பாறை மாவட்டத்து உயிர்கள். அவர்களுள் ஒருவர் உம்மாவின் தங்கை, எனது சின்னச் சாச்சி. அப்போது அவருக்கு வயது 16. மறுநாள் மையித்துக் கிடைத்து அடக்கினார்கள்.

நான் பிறந்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. சிறு வயதிலிருந்தே சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்து, "சின்னவளப் போலதான் இரிக்கா" என்பார்கள். யாராலும் அதைக் காட்ட முடிந்ததில்லை. நான் யாரைப் போல இருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் வளர்ந்தேன். வீட்டில் சின்னச் சாச்சியைப் பற்றி அதிகம் கதைப்பதும் இல்லை. கதைத்தால் உம்மம்மாவுக்கு இரவில் நித்திரை வராது.

சென்ற ஆண்டு கட்டாரில் தொழில் செய்யும் பெரிய மாமா ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விடுமுறையில் வந்தபோது ஒரு டிஜிட்டல் போட்டோ பிரேம் கொண்டு வந்தார். பத்து அங்குலத் திரை. பார்ப்பதற்குச் சாதாரண படச் சட்டகம் போலவே இருக்கும். வீட்டு வைஃபையில் இணைத்துவிட்டால் போதும். வெளிநாட்டில் இருப்பவர் தனது போனில் அதற்குரிய செயலியை இறக்கி, பிரேம் தரும் குறியீட்டைப் பதிந்தால், அவர் அனுப்பும் படம் சில விநாடிகளில் இங்கே திரையில் தெரியும். படங்கள் பிரேமின் நினைவகத்திலேயே தங்கி, ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டிருக்கும். இரவில் தானாக அணைந்து காலையில் தானாக எழும்பும்.

"வட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு?" என்று வாப்பா கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உம்மம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. போனைத் தொடப் பயம். வீடியோ கோல் எடுத்தால் யாராவது போனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். "கேக்குதா? கேக்குதா?" என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். பத்து நிமிடத்தில் கோல் முடிந்ததும் மாமாவின் முகமும் போய்விடும். பிரேம் அவரிடம் எதையும் கேட்பதில்லை. பட்டன் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை. அவர் கட்டிலில் சாய்ந்தபடி, தஸ்பீஹை உருட்டிக்கொண்டு பார்ப்பார். அவருக்கு அது போதுமாக இருந்தது.

கட்டாருக்கும் எமக்கும் நேர வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம். அதனால் பெரிய மாமாவின் பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் படம் உம்மம்மா காலைச் சாப்பாட்டை முடித்துச் சற்று நேரத்தில் வந்துவிடும். ரொறன்ரோவில் கோடை காலத்து மாலை ஏழு மணி என்றால் எமக்கு மறுநாள் அதிகாலை நாலரை மணி. கனடாப் பெரியம்மா இரவுச் சாப்பாட்டுக்கு முன் அனுப்பிய படம், உம்மம்மா ஸுபஹுத் தொழுதுவிட்டு வரும்போது அவருக்காகக் காத்திருக்கும்.

ஆரம்பத்தில் பிரேமை மண்டபத்தில், வருகின்றவர்கள் பார்க்கும்படி வைத்திருந்தோம். இரண்டாவது நாளே உம்மா அதை உம்மம்மாவின் அறைக்கு மாற்றினார். கனடாவில் இருக்கும் மச்சிமார் வீட்டுக்குள் தலையில் ஸ்காப் இல்லாமல் இருக்கும் படங்களையும் அனுப்புவார்கள். அவர்கள் அதைத் தங்கள் உம்மம்மாவுக்கு அனுப்புகிறார்கள். எங்கள் மண்டபத்தில் யார் வந்து உட்காருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. மின்சாரப் பில் கொண்டு வருபவரும், வாப்பாவின் கூட்டாளிமாரும் அந்தப் படங்களைப் பார்க்க வேண்டியதில்லை. "அவங்க நம்மள நம்பித்தான் அனுப்புறாங்க. அத நாமதான் காப்பாத்தணும்" என்றார் உம்மா. உம்மம்மா தன் பங்குக்கு, தொழும் நேரத்தில் பிரேமின் மேல் ஒரு துணியைப் போட்டுவிடுவார். உருவப்படம் இருக்கும் இடத்தில் தொழுவது அவருக்கு மனதுக்குச் சரியில்லை. தொழுது முடிந்ததும் துணியை எடுத்து மடித்து வைப்பார்.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கல்லூரி தமிழ் மன்ற விழாவில் எடுத்த படம் ஒன்றை நான் பிரேமுக்கு அனுப்ப விரும்பினேன். அதில் என்னுடன் மூன்று தோழிகளும் இருந்தார்கள். அனுப்புவதற்கு முன் அவர்களிடம் கேட்டேன். இரண்டு பேர் "அனுப்பு" என்றார்கள். ஒருத்தி, "எங்க உம்மா விரும்ப மாட்டா" என்றாள். அவள் ஓரத்தில் நின்றதால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினேன். ஒரு கேள்வி கேட்க ஒரு நிமிடம்தான் சென்றது. நம்மிடம் இருக்கும் படத்தில் இன்னொருவர் இருந்தால், அந்தப் படம் நம்முடையது மட்டுமல்ல.

பிரேம் வந்து சில கிழமைகளில் உம்மம்மா எங்களைவிட நன்றாகப் படம் பார்க்கிறார் என்று தெரிந்தது. நாங்கள் படத்தைப் பார்த்து, "அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அவர் ஒரே படத்தை நாளுக்கு ஏழெட்டுத் தடவை பார்ப்பவர். ஒருநாள் பெரிய மாமா தன் பிள்ளைகளோடு கடற்கரையில் நின்று சிரிக்கும் படம் வந்தது. "சிரிக்கான் சரி. ஆனா இவன் என்ன இப்பிடி மெலிஞ்சி போயிரிக்கான்? கழுத்தெலும்பு தெரியுது" என்றார் உம்மம்மா. உம்மா கோல் எடுத்துக் கேட்டபோதுதான் மாமாவுக்கு நீரிழிவு என்றும், இரண்டு மாதமாக மருந்து எடுக்கிறார் என்றும் தெரிய வந்தது. கவலைப்படுவீர்கள் என்று சொல்லாமல் இருந்தாராம். தூரத்தில் இருப்பவர்கள் நல்ல படங்களைத்தான் அனுப்புவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் படத்தை யாரும் அனுப்புவதில்லை. ஆனாலும் தாய்க்குக் கழுத்தெலும்பு தெரிகிறது.

ஒரு குறை இருந்தது. படங்கள் அங்கிருந்து இங்கு வந்தனவே தவிர, உம்மம்மாவிடமிருந்து அங்கு எதுவும் போகவில்லை. அதனால் அஸருக்குப் பிறகு வகுப்பு இல்லாத நாட்களில் நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து, படங்களைப் பார்த்து அவர் சொல்வதைப் போனில் பதிந்து, குரல் செய்தியாக அனுப்பத் தொடங்கினேன். "புள்ளக்கித் தலையில எண்ண வைக்கச் செல்லு", "இந்த மீனப் பாத்தா நம்மட பாரையப் போல இரிக்கி" என்று ஒவ்வொன்றும் அரை நிமிடம்தான். கனடாவில் பிறந்த மச்சிமார் அந்தக் குரலைத் திருப்பித் திருப்பிப் போட்டு, "பாரை" என்றால் என்ன என்று தங்கள் உம்மாவிடம் கேட்கிறார்களாம்.

இப்படி இருக்கும்போதுதான், கனடாப் பெரியம்மா குடும்பக் குழுவில் ஒரு செய்தி போட்டார். அவர் உம்மாவின் பெரியம்மாவுடைய மகள். 2002ஆம் ஆண்டு கலியாணம் முடித்து அதே ஆண்டில் கனடா போனவர். போகும்போது கலியாண அல்பத்தையும் கொண்டு போயிருந்தார். "அல்பத்துல சின்னவளும் இரிக்கா. மாமிட பிரேமுக்கு அனுப்பவா?" என்று கேட்டிருந்தார். எங்களிடம் சின்னச் சாச்சியின் ஒரு படம்கூட இல்லை என்பது அவருக்கு இருபது வருடங்களுக்கு மேலாகத் தெரியாது. நாங்கள் யாரும் சொன்னதில்லை. அவரும் எங்களுக்கு நோகும் என்று நினைத்து அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

குழுவில் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு பெரிய மாமா, "வேண்டாம். உம்மாவுக்குப் பிரஷர். திடீரென்று திரையில் வந்தால் தாங்க மாட்டா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அல்பம் என்றால் நாமாகத்தான் திறக்கிறோம். பிரேம் அப்படியல்ல. பேரப்பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்கும் பெருநாள் வட்டிலப்பத்துக்கும் நடுவில், எந்த அறிவித்தலும் இல்லாமல், மௌத்தான பிள்ளையின் முகம் வந்து நிற்கும். உம்மாவும் மாமாவின் பக்கம்தான் சாய்ந்தார். எல்லோரும் உம்மம்மாவுக்காகவே யோசித்தார்கள். அவரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. "உம்மம்மாட்டயே கேப்பமே" என்று நான் சொன்னேன்.

மஃரிபுக்குப் பிறகு உம்மா அவருக்குப் பக்கத்தில் இருந்து மெதுவாகக் கேட்டார். உம்மம்மா கொஞ்ச நேரம் தஸ்பீஹைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, "என்ட புள்ளட முகத்தப் பாக்க என்னட்டயா அனுமதி கேக்கீங்க?" என்றார்.

பெரியம்மா அல்பத்தை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில், பளபளப்பு விழாதபடி போனில் படம் எடுத்து அனுப்பினார். மணப்பெண்ணைச் சுற்றிப் பெண்கள் நிற்கும் படம். ஓரத்தில் பழைய பிலிம் கெமராவின் செம்மஞ்சள் இலக்கங்கள். இடது பக்கத்தில், பச்சைச் சட்டையோடு, கெமராவைப் பார்க்காமல் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு சின்னச் சாச்சி நின்றார். அந்தப் படத்தில் அவருக்கு 14 வயது. என்னைவிட மூன்று வயது இளையவர்.

உம்மம்மா அழுவார் என்று நாங்கள் எல்லோரும் நின்றோம். அவர் முதலில் சொன்னது, "இது மருதமுனைத் துணி. நான்தான் தைச்ச" என்பதுதான். பிறகு கையை நீட்டி முகத்தைத் தொட்டார். தொடுதிரை என்பதால் படம் நகர்ந்து அடுத்தது வந்துவிட்டது. நான் திருப்பிக் கொண்டு வந்தேன். இரண்டாம் தடவை அவர் தொடாமல் பார்த்தார். "இந்தக் கன்னத்துல ஒரு மச்சம் இரிந்திச்சி. காணல்லியே" என்றார். நான் பெரியம்மாவுக்கு எழுதினேன். அவர் அந்த முகத்தை மட்டும் கிட்ட வைத்து மறுபடி எடுத்து அனுப்பினார். மச்சம் இருந்தது. அப்போதுதான் உம்மம்மா அழுதார். உம்மாவும் அழுதார். அன்றிரவு இரண்டு பேரும் சேர்ந்து யாசீன் ஓதினார்கள். அதன் பிறகு உம்மா நெடுநேரம் என்னிடம் சின்னச் சாச்சியைப் பற்றிச் சொன்னார். கணக்கில் கெட்டிக்காரியாம். நெத்தலி முள்ளுக்குப் பயமாம். உம்மாவின் செருப்பைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போவாராம். பதினேழு வருடங்களில் இவற்றில் ஒன்றையும் நான் கேட்டதில்லை. என் மூக்கும் புருவமும் அவருடையவைதான் என்று அந்தப் படத்தில் நானே கண்டேன்.

மறுநாள் காலை உம்மம்மா என்னிடம், "அவ எப்ப வருவா?" என்று கேட்டார். பிரேமில் அப்போது 214 படங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 30 விநாடி. கணக்குப் போட்டால் ஒரு சுற்று முடிய 107 நிமிடம், கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணித்தியாலம். அவர் சமையலறைக்கு வருவதைக்கூட அந்தச் சுற்றுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டிருந்தார். சில நாட்களில் கரண்ட் போகும். அப்போது பிரேம் வெறும் கறுப்புக் கண்ணாடிதான். இதைப் பார்த்துக்கொண்டிருந்த உம்மா, கல்முனையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் அந்த முகத்தைக் கடதாசியில் அச்சிட்டுக் கொண்டு வந்தார். சுவரில் மாட்டவில்லை. உம்மம்மாவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டி இருக்கும் லாச்சிக்குள் அது இருக்கிறது. அவர் விரும்பும்போது எடுத்துப் பார்க்கிறார். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரே அலுமாரியில் இருந்த மூன்று அல்பங்களும் ஒரே காலையில் போயின. கடல் கடந்து கொண்டு போன ஓர் அல்பம் மட்டும் தப்பியது. இப்போது எமது படங்கள் எல்லாம் போனுக்குள் இருக்கின்றன. போனும் ஓர் அலுமாரிதான். ஆகவே முக்கியமான படங்களைக் குறைந்தது மூன்று இடங்களிலாவது வைப்பது என்று எங்கள் குடும்பத்தில் தீர்மானித்திருக்கிறோம்: ஒன்று இங்கே, ஒன்று வெளிநாட்டில் உள்ள ஒருவரிடம், ஒன்று கடதாசியில். படத்தின் பின்பக்கத்தில் பெயரும் ஆண்டும் எழுதுவது எனது வேலை. உம்மம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். பெரியம்மாவின் கலியாணப் படத்தில் நிற்கும் 19 பேரில் 16 பேரின் பெயர் கிடைத்துவிட்டது. மூன்று பேரை உம்மம்மாவுக்கும் ஞாபகம் இல்லை. அவர்களுள் இருவர் மருதமுனையைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்கிறார். அடுத்த விடுமுறையில் அங்கே போய்க் கேட்க வேண்டும்.